காலிக் கட்டம்

முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கைதட்டச் சொல்லிக்கொடுப்பது சுலபம். தட்டாமல் இருக்கச் சொல்லிக்கொடுப்பதற்குள் உயிர் போய்விடும். தொண்ணூறுகளின் நடுவில், அவிநாசி ரோட்டில் ஒரு சின்னப் பள்ளியில் நான் பாட்டு டீச்சர். கரும்பலகையில் வரிசையாக நான்கு கட்டம் போடுவேன். மூன்றில் புள்ளி வைப்பேன், நான்காவது காலி. புள்ளிக்குத் தட்ட வேண்டும். காலிக் கட்டத்தில் கைகளை விரித்து வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். அப்படிச் சும்மா இருப்பதும் தாளத்தில் சேர்த்திதான் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை.

முதல் வாரம் முப்பது பிள்ளைகளும் நான்காவதையும் சேர்த்தே தட்டினார்கள். ஒரு மாதத்தில் இருபத்தொன்பது பேர் வழிக்கு வந்தார்கள். ஒருத்தி மட்டும் வரவில்லை. ஆறு வயது, இரட்டைச் சடை, விசைத்தறிக்காரர் வீட்டுப் பெண். மூன்று தட்டு முடிந்து வகுப்பு அமைதியானதும் அவள் தலை வெடுக்கென்று நிமிரும். அவசரமாக ஒரு தட்டுத் தட்டுவாள். போதாததற்குப் பக்கத்துப் பிள்ளையின் முழங்கையையும் இடிப்பாள். ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டால், "நின்னுபோச்சுங்க மிஸ்" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மரியாதையாகப் பேசிக்கொண்டே என்னைச் சீண்டுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

இந்தத் தாளத்தை ஆண்டு விழாவில் மேடையேற்றுவதாக ஏற்பாடு. மூன்றாவது மாதம் ஒத்திகையைப் பார்க்க வந்த தலைமையாசிரியை, அவளை எடுத்துவிட்டு விருந்தினருக்குப் பூங்கொத்து கொடுக்க நிறுத்துங்கள் என்று பிள்ளைகள் முன்னாலேயே சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் வேனில் ஏறுவதற்கு முன்னால் அவள் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் பூ குடுக்க மாட்டேனுங்க மிஸ். எல்லாருத்துகூடவும் நின்னு தட்டறேனுங்க."

நேராகத் தலைமையாசிரியையின் அறைக்குப் போய், அடுத்த வெள்ளிக்கிழமை வரை அவகாசம் கேட்டேன். அன்றும் தட்டிவிட்டால் எடுத்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டேன். வாய்தான் ஒப்புக்கொண்டது. அவளை நீக்குவதில்லை என்று மனதுக்குள் முடிவாகிவிட்டது. நான் ஒன்றைப் பிடித்தால் விடுகிற ஆள் இல்லை. அதற்காகவே வீட்டில் நிறையத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

சாப்பாட்டு இடைவேளையில் அவளைத் தனியாக உட்காரவைத்துப் பார்த்தேன். காலிக் கட்டத்தில் கண்ணை மூடச் சொன்னேன். வாய்க்குள் 'உஷ்' சொல்லச் சொன்னேன். பின்னால் நின்று இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டேன். பிடித்திருக்கும் வரை சரியாக வரும், விட்டால் தட்டிவிடுவாள். இரண்டு நாள் இப்படியே போனது. சனிக்கிழமை பஸ் பிடித்து அவள் ஊருக்கே போய்விட்டேன்.

வீட்டை ஒட்டியே தறிக்குடோன். நான்கு தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் அம்மா என்னிடம் ஏதோ சொன்னார், வாய் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. பிள்ளை வாசலில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று வகுப்பில் நிமிர்வது போலவே தலை நிமிர்ந்தது. எச்சில் கையோடு உள்ளே ஓடி, கோடியில் இருந்த தறியைக் காட்டி அப்பாவைக் கூப்பிட்டாள். அந்தத் தறி நின்றிருந்தது, நூல் அறுந்திருந்தது. மற்ற மூன்றும் போட்ட சத்தத்தில் ஒன்று நின்றது எனக்குத் தெரியவே இல்லை.

அவர் நூலை முடிந்து தறியை ஓட்டிவிட்டு என்னிடம் வந்து கத்தினார்.

"ஏனுங்க டீச்சர், அம்மணி ஏதாச்சு சேட்டை பண்ணிப்போட்டாளுங்களா?"

நான் சொன்ன பதில் அவர் காதில் விழவில்லை. கொஞ்சம் இருங்க என்று கையைக் காட்டிவிட்டு உள்ளே போய், நான்கு தறிகளையும் ஒவ்வொன்றாக நிறுத்தினார். அப்படியோர் அமைதி. நான் பிள்ளையைத்தான் பார்த்தேன். அவள் தலையே நிமிரவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தவள், தன் பாட்டுக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

சேட்டையெல்லாம் ஒன்றுமில்லை, கெட்டிக்காரி என்று அவரிடம் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

திங்கட்கிழமை அவளைக் கரும்பலகைக்கு முன்னால் நிறுத்தி, காலிக் கட்டத்தில் விரலை வைத்தேன்.

"இந்த எடத்துல எதுவும் அறுந்துபோகலை கண்ணு. நாந்தான் நிறுத்தறேன். மறுபடி ஓட்டறதும் நாந்தான்."

அவள் கட்டத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மூன்று தட்டினாள். கைகள் விரிந்தன, அப்படியே நின்றன. மறுபடி மூன்று. மறுபடி நின்றன. இருபது தடவை செய்யவைத்தேன், ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை வந்து முழுவதையும் பார்த்தார். சரி, நிற்கட்டும் என்றார். பிள்ளைகளை வரிசையாக வகுப்புக்குக் கூட்டிப் போகும்போது அவள் பின்தங்கி என்னோடு நடந்தாள்.

"நீங்கதான் நிறுத்தறீங்கன்னு மொதல்லயே சொல்லியிருந்தா, அப்பவே சும்மா இருந்திருப்பேனுங்க மிஸ்."

குறையாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரியப்படுத்துவது போலத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த மூன்று மாதத்தில் அந்தக் கையில் இரண்டு முறை ஸ்கேலால் அடித்திருக்கிறேன். இதுவரை அதைச் சொல்லாமலேதான் எழுதிக்கொண்டு வந்தேன்.