நான் நிறுத்தச் சொன்ன குளிசை

பதினெட்டு வருடங்களுக்கு முன்னால், ஹேவாஹெட்டப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் நடந்தது இது. நான் அப்போது கண்டியில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து எல்லோரையும் அதட்டிவிட்டுப் போவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

என் தங்கச்சி, மலையில் கொழுந்து எடுத்தவள். திடீரென்று காலையில் எழுந்தால் விரல்களை மடக்க முடியாமல் போனது. வெயிலில் நின்றுவிட்டு வந்தால் மூக்கின் மேலும் இரண்டு கன்னங்களிலும் சிவந்து தடித்துவிடும். அடிக்கடி காய்ச்சல் வந்தது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறாள் என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். கண்டி ஆஸ்பத்திரியில்தான் அதற்கு லூபஸ் என்று பெயர் சொன்னார்கள். நோயை எதிர்க்க வேண்டிய சக்தி அவள் உடம்பையே தாக்குகிறதாம். யாழ்ப்பாணத்து டொக்டரம்மா ஒருவர் என்னிடம் படித்துப் படித்துச் சொன்னார்: "வெயிலுக்க விடாதேங்கோ. குளிசையை மட்டும் ஒருநாளும் உங்கட பாட்டில நிப்பாட்டக் கூடாது."

அந்த மாத்திரைக் குளிசை போட்டதும் காய்ச்சலும் வலியும் விட்டன. ஆனால் அதனாலேயே முகம் பூசணிக்காய் மாதிரி உப்பிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் பிலிமத்தலாவையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. கடை வைத்திருக்கும் பையன். நோய்க்கு முன்னால் எடுத்த படத்தைப் பார்த்துப் பிடித்துப்போய், பொங்கல் கழிந்து பெண் பார்க்க வருகிறோம் என்றார்கள். இந்த முகத்தோடு அவளை எப்படிக் காட்டுவது? அம்மா வேலைக்குப் போயிருந்த நேரம் தங்கச்சியைக் கூப்பிட்டேன்.

"இந்தக் கருமத்த நிப்பாட்டு. பொங்கலுக்குள்ள முகம் வத்தட்டும். கல்யாணம் முடிஞ்சதும் போட்டுக்கலாம்."

"டொக்டர் ஏசுவாங்களே அக்கா?"

"டொக்டரா ஒனக்கு மாப்பிள்ள பாக்குறாங்க?"

அவள் சிரித்துவிட்டாள். மிச்சமிருந்த குளிசைகளை நான் என் கைப்பையில் போட்டுக் கண்டிக்கே கொண்டுபோய்விட்டேன்.

சொன்ன மாதிரியே முகம் வற்றியது. பெண் பார்க்க வந்த அன்று, தேத்தண்ணி கொடுத்தவளின் விரல்கள் வீங்கியிருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் பேசாமல் இருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு லட்சணமா இருக்கு" என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தால், முகம் மறுபடியும் உப்பியிருக்கிறது. எனக்கு வந்த கோபம்!

"எங்கயோ வாங்கித் திருட்டுத்தனமா குளிசை போட்டியாடி?" என்று கத்தினேன்.

இல்லை என்று தலையாட்டினாள். பிறகு பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினாள். அமுக்கினால் குழி விழுந்தது. சிறுநீர் நுரை நுரையாகப் போகிறது என்றாள்.

அன்றே கண்டிக்குக் கொண்டு போனோம். குளிசை நின்றதும் நோய் உள்ளே தாக்கி, இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டிருந்தன. அதே டொக்டரம்மா கட்டிலருகே வந்து கேட்டார்: "ஆர் பிள்ளை குளிசையை நிப்பாட்டச் சொன்னது?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். அம்மாவும் நின்றாள். தங்கச்சி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"யாரும் சொல்லல டொக்டர். முகம் அசிங்கமா இருக்குன்னு நானேதான் நிப்பாட்டிட்டேன்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஒனக்கு அழகு கேக்குதாடி, அழகு?" என்று வார்டே திரும்பிப் பார்க்க ஏசினாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு நீளமான வாய் அன்றைக்கு எங்கே போனதோ தெரியவில்லை.

சம்பந்தம் கைவிட்டுப் போனது. இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். ஒன்றரை வருடத்தில் அவளும் போய்விட்டாள். அந்த ஒன்றரை வருடத்தில் ஒருநாள்கூட அவள் அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. மருந்தை ஒழுங்காகப் போட்டு, வேலைக்குப் போய், பிள்ளை பெற்று வாழ்கிறவர்களையும் அதே கிளினிக்கில் பார்த்தேன். அதை நினைத்தால்தான் நெஞ்சு வெடிக்கிறது.

அம்மா இன்றைக்கும் அவள் படத்துக்கு விளக்கு ஏற்றும்போது, "அழகுக்கு ஆசப்பட்டு செத்தியே பாவி" என்று அவளைத்தான் திட்டி அழுகிறாள். நான் பக்கத்தில் நின்று திரியைத் தூண்டிவிடுகிறேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.