எல்லோரும் ரங்கராஜன்

தோல் டாக்டரிடம் கம்பவுண்டராக இருப்பவன் கடைத்தெருவில் யாருக்கும் முந்திக்கொண்டு வணக்கம் சொல்லக் கூடாது.

ஐம்பதுகளின் கடைசியில் திருச்சியில், பெரிய கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் டிஸ்பென்சரி இருந்தது. ஆண்குறித் தோலில் புண், தொடை இடுக்கில் சீழ்க்கொப்புளம் என்று வருகிறவர்களே அதிகம். எல்லாம் பெண் விவகாரம் என்று ஊர் நினைத்தது. பாதிக்கு மேல் வியர்வை, அழுக்கு, சர்க்கரை, நகக்கீறல். நீங்களும் எப்போதாவது அப்படி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவரிடம் "கணுக்கால்ல படை" என்று சொல்லியிருப்பீர்கள். அவரும் கணுக்கால் என்றே சொல்லியிருப்பார். நம் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பெயர்

சீட்டில் பெயர் எழுதுவது என் வேலை. பத்துப் பேர் வந்தால் ஏழு பேர் ரங்கராஜன். ஸ்ரீரங்கத்துக்காரர்கள் பாலம் தாண்டி வந்து ரங்கராஜன் என்றார்கள். திருவானைக்காவல்காரர் ஒருவர், தன் ஊர்ச் சிவனை இதில் இழுக்க வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் ரங்கராஜன் என்றார். முகத்தைப் பார்க்காமல் எழுதுவதுதான் மரியாதை என்று நானும் பழகிக்கொண்டேன். ஊசி போடும்போதும் குனிந்த தலைதான். வந்தவர்களுக்கு அது பிடித்திருந்தது.

ஒருவரிடம் தகப்பனார் பெயர் கேட்டேன். சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "அதையும் நீங்களே பார்த்துப் போட்டுக்கங்க."

நண்பருக்காக

காந்தி மார்க்கெட் வெங்காய மண்டிக்காரர் ஒருவர் நண்பருக்காக வந்தார். நண்பருக்கு எங்கே வலி, எப்போது எரிகிறது, வேட்டி பட்டால் எப்படி இருக்கிறது என்று நின்றபடியே கால் மணி நேரம் சொன்னார். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உட்கார்ந்து சொல்லுங்களேன்" என்றார்.

"உட்கார முடிஞ்சா நான் ஏன் டாக்டர் இங்க வரப் போறேன்?"

பிரசாதம்

ஸ்ரீரங்கத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்தார். ரங்கராஜன். புண் ஆறவில்லை, திரும்பத் திரும்ப வருகிறது. டாக்டர் சிறுநீரைச் சோதிக்கச் சொன்னார். நீலக் கரைசலில் விட்டுக் கொதிக்கவைத்தேன். பச்சை, மஞ்சள் எல்லாவற்றையும் தாண்டிச் செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது; அவ்வளவு சர்க்கரை. சர்க்கரையைக் குறைக்காமல் எந்த மருந்தும் பலிக்காது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வெளியே வந்தவர் என்னிடம் அக்கார அடிசில் மட்டும் சாப்பிடலாமா என்று விசாரித்தார். அதில் வெல்லம் இருக்கிறதே என்றேன்.

"பெருமாள் அமுது செய்தப்புறம் அதுல ஏது ஓய் வெல்லம்?"

ஒண்டுக்குடித்தனம்

அந்த வாரமே அரியமங்கலத்துப் பட்டறையிலிருந்து ஒரு ஃபிட்டர் வந்தான். வயது இருபத்தாறு. பெயர் கேட்டேன். ரங்கராஜன் என்றான். சிரிப்பை அடக்க முடியாமல் எழுதினேன்.

தொடை இடுக்குப் புண்ணுக்குக் கூட வேலை பார்ப்பவன் கொடுத்த சல்ஃபா மாத்திரையைத் தின்றிருக்கிறான். சிவப்புக் கொஞ்சம் வாடி, சீழும் வாடையும் அப்படியே நின்றுவிட்டன. ஒரே ஊசியில் தீர்த்துவிடுங்கள் என்றான். போன வருஷம் கட்டைவிரல் நசுங்கியபோது பென்சிலின் போட்டு முகம் வீங்கி மூச்சு முட்டியதையும் அவனேதான் சொன்னான். டாக்டர் அவன் சீட்டை வாங்கிச் சிவப்பு மையில் 'பென்சிலின் ஆகாது' என்று எழுதினார். இன்னொரு தடவை போட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று என்னையும் கூப்பிட்டுச் சொன்னார்.

அப்புறம் அவனுக்கு விளக்கினார். "இது ஒண்டுக்குடித்தனம்ப்பா. முன்கட்டுல ஒரு கிருமி, பின்கட்டுல வேற ஒண்ணு. முன்கட்டுக்காரனை மட்டும் விரட்டினா, பின்கட்டுக்காரன் நல்லா காலை நீட்டிப் படுத்துப்பான். யார் யாருன்னு தெரிஞ்சாத்தான் மருந்து." சீழைப் பஞ்சில் தொட்டுச் சோதனைக்கு அனுப்பினோம். முடிவு வர மூன்று நாள் ஆகும். அதுவரை பெர்மாங்கனேட் தண்ணீரில் கழுவ வேண்டும்.

"யாரு குடியிருக்கான்னு கேட்டுட்டு வர மூணு நாளா? எனக்குக் கல்யாணத்துக்கு இருக்கறதே இருபத்தஞ்சு நாள், டாக்டர்!"

வயது அறுபத்திரண்டு

மூன்றாம் நாள் காலை கூட்டம். தலைமையாசிரியருக்குப் பென்சிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் எழுதியிருந்தது. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு "ரங்கராஜன்" என்று கூப்பிட்டேன். ஒருவர் வந்து நின்றார். வழக்கம்போல் நான் நிமிரவில்லை. பென்சிலினைக் கலக்கி, சிரிஞ்சில் இழுத்து, காற்றை வெளியே தள்ளினேன். சட்டைக் கை மேலே ஏறியது. பஞ்சால் துடைத்தேன்.

டாக்டருக்கு ஒரு விதி உண்டு. ஊசி இறங்குவதற்கு முன் சீட்டை உரக்கப் படிக்க வேண்டும். எனக்கு அது வீண் வேலையாகத்தான் பட்டு வந்தது. அன்றைக்கும் கடனே என்று படித்தேன். "வயது அறுபத்திரண்டு. சர்க்கரை உண்டு. விவாகமானவர். மூன்று பெண்கள்."

கை சட்டென்று பின்னால் போயிற்று. நிமிர்ந்து பார்த்தேன். ஃபிட்டர்.

"சார், எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை. அதுக்குத்தானே இவ்வளவு அவசரம்?"

பாலும் பழமும்

சிரிஞ்சைத் தட்டில் வைத்துவிட்டு, நடந்ததை டாக்டரிடம் போய்ச் சொன்னேன். மறுநாளிலிருந்து எல்லோருக்கும் எண் போட்ட பித்தளை வில்லை. கூப்பிடும்போது முகத்தைப் பார்த்துத்தான் கூப்பிட்டேன். சிலர் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

ஃபிட்டருக்கு டெட்ராசைக்ளின் காப்சூல், பத்து நாள். இரண்டு கட்டுக்காரர்களும் அதற்கு அடங்குவார்கள் என்று சோதனை சொல்லியிருந்தது. அதன் கூடப் பால் மட்டும் சேரக் கூடாது. பெண் வீட்டில் போகும்போதெல்லாம் பால்தான் கொடுக்கிறார்கள், என்ன சொல்வது என்று கேட்டான். பாலும் தொடாத விரதம் என்று சொல்லச் சொன்னார் டாக்டர். ஐந்தாம் நாள் புண் காய்ந்துவிட்டது, நிறுத்தட்டுமா என்று வந்தான். பின்கட்டுக்காரன் இன்னும் காலி செய்யவில்லை என்று துரத்தினோம். பத்தாம் நாள் தோல் சுத்தமாக இருந்தது.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால், பெஞ்சில் எல்லோரும் பார்க்க, வெற்றிலை பாக்கோடு பத்திரிகை கொண்டுவந்து வைத்தான். மாப்பிள்ளை பெயரைப் படித்தேன். திரும்ப ஒரு தடவை படித்தேன். சிரஞ்சீவி ரங்கராஜன்.

"நான் முதல் நாளே சொன்னேன் சார். நீங்கதான் நம்பாம சிரிச்சீங்க."

அந்த டிஸ்பென்சரியில் நான் இருந்த ஆறு வருஷத்தில் சொந்தப் பெயரைச் சொன்னதாக எனக்குத் தெரிந்தவன் ஒருவன்தான், அவனைத்தான் நான் கொல்லப் பார்த்தேன்.