பன்னிரண்டு தென்னைக்கு ஒரு சிட்டி

ராஜபாய் சித்தி உலையில் அரிசி போடும் முன் இரண்டு பிடி எடுத்து மாற்றி வைப்பாள். முதல் பிடி சபைக்கு. செங்கல் என்ற எங்கள் ஊர்ப் பக்கத்தில் சபையார் எல்லார் வீட்டிலும் அதற்கென்று ஒரு பானை உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் கொண்டு கொடுப்பார்கள். இரண்டாவது பிடி அவளுடைய சொந்தப் பானைக்கு. காய்ச்சலில் கிடந்து கஞ்சி வைத்த நாளில்கூட அவள் இதைத் தவறவிட்டு நான் பார்த்ததில்லை.

"கர்த்தருக்குக் குடுத்தாச்சுல்லா, ஒனக்கு எதுக்குடீ?" என்று அம்மா சீண்டுவாள்.

"அவருக்கு வயசாவாது. எனக்கு ஆவுமே."

சித்தி அண்டியாபீஸ் என்ற முந்திரி ஆலையில் கொட்டை உடைப்பவள். கொட்டை ஓட்டின் எண்ணெய் பட்டு விரல்நுனி வெந்து கறுத்திருக்கும். சோற்றில் உப்புப் பிசைந்தால் எரியும். சித்தப்பா இறந்துவிட்டார், பிள்ளையும் இல்லை. நாற்பத்தைந்தாவது வயதில் வேலையை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்திருந்தாள். பக்கத்துத் தோட்டத்தில் பன்னிரண்டு தென்னை முன்னூறு ரூபாய்க்கு ஒற்றிக்குக் கிடைக்கும். உடமைக்காரர் அந்தப் பணத்தைத் திருப்பித் தரும்வரை தேங்காயும் ஓலையும் இவளுக்கு. தேங்காய் விற்று, ஓலை முடைந்து ஒரு வயிற்றைக் கழித்துவிடலாம்.

அதற்காகத்தான் 1952-இல் களியக்காவிளையில் கடை வைத்திருந்த ராஜையா நடத்திய சிட்டியில், அதாவது ஏலச்சீட்டில், சேர்ந்தாள். மாதம் ஐந்து ரூபாய், அறுபது மாதம். அரிசி விற்ற காசும் கூலியில் மிச்சமும் அதற்குப் போயின. அவசரக்காரர்கள் ஏலத்தில் தள்ளிக் கேட்டுக் குறைந்த தொகையை முன்னதாக எடுப்பார்கள். கடைசிவரை பொறுத்தால் முழுத்தொகை. சித்தி பொறுப்பதென்று இருந்தாள். ஆபீசில் அவளருகே உட்கார்ந்து உடைக்கும் விஜயம்மாவையும் சேர்த்துவிட்டாள்.

1954 ஆகஸ்டில், திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேரக் கேட்ட போராட்டத்தில், மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. பயந்துபோய் எல்லோரும் சிட்டியை எடுக்கப் பார்த்தார்கள். நான் அப்போது இண்டர்மீடியட் மாணவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். ராஜையா முன்னால் நின்று நடத்திய ஊர்வலங்களில் கோஷம் போட்டுத் தொண்டை கட்டியிருந்தது.

"நூறு தள்ளினா இந்த மாசமே இருநூறு கிட்டும். ஆனா தென்னைக்குத் தெகையாது. நீ பேப்பர் வாசிக்கவன், சொல்லு மக்கா" என்றாள் சித்தி.

"எடுக்காண்டாம் சித்தி. நெய்யாற்றின்கரை வரைக்கும் தமிழ்நாட்டோட சேரப் போவுது. இனி ராஜையா அண்ணனுக்க காலமாக்கும்."

"நிச்சயமா?"

"நிச்சயம்."

மேடையில் கேட்டதைத்தான் சொன்னேன். என்னுடையது என்று அதில் என்ன இருந்தது? அவள் அதை அப்படியே விஜயம்மாவிடமும் சொன்னாள்.

அடுத்த மாதமே போராட்டத்தில் ராஜையாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கடை பூட்டிக் கிடந்தது. முன்னதாக எடுத்தவர்கள் தவணை அடைப்பதை நிறுத்தினார்கள். அவர் வெளியே வந்தும் சிட்டி நிமிரவில்லை. 1956 நவம்பரில் களியக்காவிளை தமிழ்நாட்டுக்குப் போனது. பாறசாலையும் எங்கள் செங்கலும் கேரளத்தில் நின்றன.

"எடுத்தவனுவ பாதிப்பேரு ஒங்க பக்கமாக்கும், தாயி. அங்க வந்து கேட்டா என்னைத் தொரத்துவானுவ. நான் எங்க போயி வாங்க?" என்றார் ராஜையா. கடையில் காலிப் பலகைகள்தான் இருந்தன.

நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். "கேஸ் ஜெயிச்சாலும் செலவு அதைவிடக் கூடும். வீட்டுக்குப் போங்க" என்றார். நல்ல மனிதர், எங்களிடம் பீஸ் வாங்கவில்லை.

இருவரும் அடைத்திருந்தது ஆளுக்கு நூற்றைம்பது ரூபாய். தன் பணத்தைப் பற்றிச் சித்தி பேசவேயில்லை. விஜயம்மாவுக்கு மாதம் இரண்டு ரூபாய் கொடுக்கத் தொடங்கினாள்.

"எக்கா, நீயும்தானே ஏமாந்தே?"

"ஏமாந்ததும் நான். ஏமாத்தினதும் நானாக்கும். பிடி."

நான் அங்கேதான் நின்றேன். சொன்னவன் நான் என்று வாய் திறந்திருக்கலாம். இருவருக்கும் அது தெரிந்திருந்தது என்பதால் சும்மா இருந்தேனா, பயந்தா?

நாற்பத்தைந்து நிறைந்த அன்றும் சித்தி ஆபீசுக்குப் போனாள். மறுவருடம் மழைக்காலத்தில் மூன்று நாள் காய்ச்சலில் இறந்தாள். அதுவரை விஜயம்மாவுக்குக் கொடுத்தது நாற்பது ரூபாய்.

நான் பி.ஏ. தேறிவிட்டேன். போட்ட மனுக்களுக்குப் பதில் இல்லை. விஜயம்மா இன்னும் கொட்டை உடைக்கப் போகிறாள். வழியில் கண்டால், "வேல ஆச்சா மக்கா?" என்பாள். பணத்தைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. நூற்றுப்பத்து ரூபாய் பாக்கி நிற்கிறது.