ஜியின் மேல் ஏறிய எம்

திண்டிவனத்தில் கீழே உரக்கடை, மாடியில் நாங்கள். வெளிநாட்டு ஆராய்ச்சி இதழ்களுக்குக் கம்ப்யூட்டரில் பக்கம் அமைத்து, அச்செடுத்து, கூரியரில் அனுப்புவோம். தொண்ணூறுகளின் கடைசி. நான் விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். மருத்துவம், கணிதம், சமூகவியல், எது வந்தாலும் செய்வோம். எதுவும் புரியாது. புரிந்துகொள்ள முயலக்கூடாது என்பதே தொழில் விதி. "படிக்காத, பாரு" என்பார் முதலாளி. படித்தால் வேகம் குறைந்துவிடும்.

அந்த மாதம் இந்த விதியை என்னைவிட ஒழுங்காகக் கடைப்பிடித்தவர் யாருமில்லை. எங்கள் முதல் குழந்தை, பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்துவிட்டுப் போய்விட்டது. பில்லில்கூட மனைவியின் பெயரைப் போட்டு, அவருடைய குழந்தை என்றுதான் எழுதியிருந்தார்கள். அது போன எட்டாம் நாளே நான் வேலைக்கு வந்துவிட்டேன். சாப்பிட்டேன், தூங்கினேன், ஜோக்கடித்தேன். என் ஜோக்குக்கு யாரும் சிரிக்கவில்லை. அதில் மட்டும் பழைய நிலைமைதான்.

எங்களிடம் இருந்தது பழைய போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டர். டைம்ஸ், கூரியர் என்ற பெயர்களில் முப்பத்தைந்து ஃபான்ட், அதாவது எழுத்து வகை, அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கும். கிரேக்க எழுத்துகளுக்கு சிம்பல் என்று தனியாக ஒன்று. வேடிக்கை என்னவென்றால், பக்கம் அமைக்கும் புரோகிராமுக்கு இந்த எழுத்துகளின் முகமே தெரியாது. ஒவ்வொன்றின் அகலம் மட்டும் தெரியும். அகலத்தை வைத்து வரியை முடித்துவிடும். முகத்தைப் போடுவது பிரிண்டரின் பாடு.

அந்தப் பிரிண்டர் படுத்துவிட்டது. பதிலுக்கு வந்தது மலிவான ஒன்று, வயிற்றில் ஒன்றுமில்லாதது. அதே முப்பத்தைந்து ஃபான்ட்களின் நகலை ஃப்ளாப்பிகளில் வாங்கிவந்து கம்ப்யூட்டரில் ஏற்றினேன். கடைசி ஃப்ளாப்பி கெட்டிருந்தது. அதில் இருந்தவை ஏறவில்லை. எவை என்று நான் பார்க்கவில்லை. ஏதாவது ஃபான்ட் இல்லையென்றால், மொத்தத்தையும் கூரியர் ஃபான்டில், டைப்ரைட்டர் அடித்தது மாதிரி துப்பியது. முதலாளி கத்தினார். நான் புத்திசாலித்தனமாக ஒரே ஒரு கட்டளை வரி எழுதிச் சேர்த்தேன்: எது இல்லையோ, அதற்குப் பதில் டைம்ஸ் போடு. அசிங்கம் மறைந்தது. முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அடுத்த வாரம் ஒரு மருத்துவக் கட்டுரை போக வேண்டியிருந்தது, பச்சிளங்குழந்தைகளுக்கான மருந்து என்று தலைப்பு. எழுத்துப் பிழை பார்க்கும் அக்கா அதைப் பழைய பிரிண்டரின் தாளிலேயே திருத்தி முடித்திருந்தார். புதிய தாளில் நான் பார்க்க வேண்டியது ஒவ்வொரு வரியின் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் மட்டும். எல்லாம் பொருந்தின. நான்காம் பக்கத்தில் ஓர் ஆங்கில எம், பக்கத்து ஜியின் மேல் காலைத் தூக்கி வைத்திருந்தது. பார்த்தேன். நெருக்கமாக இருக்கிறதே என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்டுக் கவரில் வைத்துவிட்டு பஸ் ஏறினேன். ஏழு மணிக்குக் கூரியர்காரர் வருவார்.

விக்கிரவாண்டி நெருங்கும்போது பக்கத்தில் நின்ற ஓர் அம்மா என்னை உலுக்கினார்.

"இன்னாய்யா நீ? கூட்டேரிப்பட்டுலருந்து மல்லாட்ட மூட்டைய உன் கால் மேல வச்சிக்கினு வர்றேன். இப்பதான் பாக்குறேன். ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"தெரியலீங்க."

"தெரியலியா? கால் உன்னுதுதான?"

கண்டக்டர் உள்ளே புகுந்தார். "அந்தக் காலுக்கு டிக்கெட் எடுக்கல போல. அதான் கம்முனு வராரு."

பஸ்ஸே சிரித்தது. வேர்க்கடலை மூட்டைக்கடியில் இருந்த என் செருப்பைப் பார்த்தேன். எம், ஜியை மிதித்துக்கொண்டு நின்றது அப்போதுதான் மண்டையில் ஏறியது. அது எம்மின் இடமே இல்லை. எம்மைவிடக் குறுகலான ஓர் எழுத்துக்கு ஒதுக்கிய இடம். டைம்ஸ் ஃபான்டில் எம் இருக்கும் அதே எண்ணில், சிம்பலில் இருப்பது கிரேக்க மியூ. மைக்ரோகிராம் என்பதற்குப் போடும் வால் எழுத்து. கெட்ட ஃப்ளாப்பியோடு சிம்பலும் போய்விட்டதால், என் ஒற்றை வரி அங்கே டைம்ஸின் எம்மைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. மைக்ரோகிராம் எல்லாம் மில்லிகிராம். ஆயிரம் மடங்கு.

இது எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் ஆஸ்பத்திரிதான். குழந்தையின் தொட்டிலில் மருந்துச் சீட்டு தொங்கும். ஒரு நாள் நர்ஸிடம், "உங்க மியூவுக்கு வால் ரொம்ப நீளங்க" என்றேன், தொழில் புத்தியில். அவர் சிரிக்கவில்லை. "வால் இல்லன்னா எம்னு படிச்சிடுவாங்க சார். அப்புறம் புள்ள இருக்காது."

விக்கிரவாண்டியில் குதித்து எஸ்டிடி பூத்தில் ஆபீஸுக்கு அடித்தேன். என்கேஜ்டு. இருந்த ஒரே லைனில் மெயில் இறங்கிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் தொற்றினேன்.

நான் படியேறியபோது கூரியர்காரர் கவரைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"குடுக்காதீங்க சார்" என்றேன்.

"வீட்டுக்குப் போலியா நீ?" என்றார் முதலாளி. "வரியெல்லாம் மேட்ச்தான?"

"மேட்ச் சார்."

"அப்புறம் இன்னா பேஜாரு? ஏற்கனவே லேட்டு. இன்னொரு நாள் போச்சின்னா வேலைய வேற எடத்துக்குக் குடுத்துடுவான்."

"சார், மெட்ராஸ் வண்டி போயிடும், ஜல்தி" என்றார் கூரியர்காரர்.

"மருந்து அளவு ஆயிரம் மடங்கு ஏறியிருக்கு சார். பச்சப் புள்ளைங்களுக்குக் குடுக்குற மருந்து. நான் போட்ட அந்த ஒரு வரியாலதான்."

அக்கா அவருடைய திருத்திய தாளை எடுத்துவந்து, கவரைக் கிழித்து, நான்காம் பக்கத்தை அதன் பக்கத்தில் வைத்தார். முதலாளி மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு கூரியர்காரரிடம், "நாளைக்கு வாங்க" என்றார். என்னிடம், "அந்த வரிக்கு முதுகத் தட்டுனவன் நான்தான். நாளைக்குக் காலையில பாக்கலாம்."

காலையில் இன்னொரு கூத்து தெரிந்தது. மியூ டைம்ஸுக்குள்ளேயே இருந்திருக்கிறது, யாரும் கூப்பிடாத ஒரு மூலையில். முப்பத்தைந்தையும் கரைத்துக் குடித்தவன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். கூப்பிட்டேன், வந்தது. வால் எல்லாம் முளைத்தது.

இந்த முறை பார்த்தால் போதாது, படிக்க வேண்டும் என்றார் முதலாளி. அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து கேட்டது அன்றுதான். ஒருவர் வாசிக்க, இன்னொருவர் பழைய தாளைப் பார்த்துத் திருப்பிச் சொல்வது.

"நான் வேற ஆள வச்சிப் படிச்சிக்கிறேன் தம்பி" என்றார் அக்கா.

"இல்லக்கா. நானே படிக்கிறேன்."

"பத்து மைக்ரோ" என்றேன்.

"பத்து மைக்ரோ" என்றார்.

இப்படியே ஆறு பக்கம். ஆண்டுக்கணக்கில் செய்த வேலையில், நான் முழுதாகப் படித்த முதல் கட்டுரை அது. ஐந்தாம் பக்கத்தில் ஓர் அட்டவணை: இவ்வளவு எடையுள்ள குழந்தைக்கு இவ்வளவு. இரண்டாவது வரி எங்கள் வீட்டுக் குழந்தையின் எடை. பக்கத்தில் இருந்த அளவு, தொட்டிலில் தொங்கிய சீட்டில் நான் பார்த்த அதே அளவு. ஆஸ்பத்திரியில் சரியாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். அதையும் வாசித்தேன். அக்கா மேஜைக்கடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, கட்டவெரல் நகம் கறுத்துக்கினு இருக்கே. வலிக்கலியா?"

செருப்புக்குள் விரலை அசைத்துப் பார்த்தேன்.

"வலிக்குதுக்கா."

"எண்ணெ போடு" என்றார். பிறகு தாளைப் பார்த்து, நான் வாசித்த அளவைத் திருப்பிச் சொன்னார்.