ஆளில்லாத ஊருக்கு ஒரு தலைவர்

பிரான்சில், லா சப்பலில், ரூ காய் என்ற தெருவில் உள்ள உணவகம் ஒன்றின் பின்னறையில், ஆண்டுதோறும் எங்கள் ஊருக்குத் தலைவர் தெரிவு நடக்கிறது. யாழ்ப்பாணத்தின் வடகரையில், இராணுவ வேலிக்குள் கிடக்கிற அந்த ஊரில் முப்பது வருடங்களுக்கு மேலாக ஒரு குடும்பமும் இல்லை. ஆனால் ஊர்ச்சங்கத்துக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் உண்டு. பதவிக்கு அடிபிடியும் உண்டு.

இந்த வருடத் தலைவர் எங்களை பஸ்ஸில் ஏற்றி, வெர்டன் பக்கம் ஓர் ஊருக்குக் கூட்டிப்போனார். முதலாம் உலகப் போரில் தரைமட்டமான ஊர். குடியிருக்க ஒருவரும் இல்லை, மேயர் மட்டும் இன்றைக்கும் இருக்கிறார். பாண் பேக்கரி இருந்த இடத்தில் ஒரு கல், பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் ஒரு கல். குண்டு விழுந்த பள்ளங்களில் புல் முளைத்திருந்தது. தலைவருக்குக் கண் பனித்துவிட்டது.

“எவ்வளவு வடிவா வச்சிருக்கிறாங்கள் பாருங்கோ. எங்கடை ஊரையும் இப்பிடி ஒரு வரலாற்றுச் சின்னமா அறிவிக்கச் சொல்லிக் கேப்பம். வெள்ளைக்காரர் வந்து பாப்பினம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கே வழிகாட்டியாக நின்ற பிரெஞ்சு அம்மா, எங்கள் ஊரில் எல்லாரும் இறந்துவிட்டார்களா என்று பரிவோடு கேட்டார். இல்லை, உயிரோடுதான் இருக்கிறோம் என்றேன். அப்படியானால் ஏன் திரும்பிப் போகவில்லை, மண்ணுக்குள் இன்னும் வெடிகுண்டுகள் இருக்கின்றனவா என்றார்.

“இல்லை மதாம், கத்தரிக்காய் இருக்கிறது.”

என் பிரெஞ்சு சறுக்கிவிட்டது என்று நினைத்து மரியாதையாகச் சிரித்தார். நான் சொன்னது உண்மை. எங்கள் காணியில் இராணுவம் தோட்டம் செய்கிறது. அந்தக் கத்தரிக்காய் சந்தைக்கு வந்தால் என் அண்ணா திரும்பியும் பார்ப்பதில்லை.

அண்ணா அந்தக் காணியில் கட்டிய வீட்டுக்கு ஓடு போட்டு ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை, ஷெல் விழத் தொடங்கியது. நாலு நாளில் திரும்பிவிடலாம் என்று நினைத்து, ஊறப்போட்ட உளுந்தை அப்படியே விட்டுவிட்டு வெளிக்கிட்டோம். நான் பிரான்சில் பொண்டி வரைக்கும் வந்துவிட்டேன். அண்ணா வேலிக்கு வெளியே ஒரு வாடகை வீட்டில் இருந்துகொண்டு, காணியை விடச் சொல்லி இன்றைக்கும் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஊரைச் சின்னமாக்கினால் அங்கே ஒரு கொட்டில்கூடப் போட விடமாட்டார்கள். வேலி போட்டவன் செய்யத் துணியாததை, விண்ணப்பம் எழுதி நாங்களே செய்யப்போகிறோம். வெட்கமாக இல்லையா?

இதைத் தீர்மானிக்கச் சங்கம் கூடிய அன்று அண்ணாவை வட்ஸ்அப்பில் எடுத்து, சத்தத்தைக் கூட்டிவைத்தேன்.

“நான் இன்னும் சாகேல்லையே, தம்பிமார். பிறகேன் என்ரை வளவுக்கை கல்லு நடப்போறியள்?”

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாக்கெடுப்பு என்றார். ஆதரவாகக் கைகள் எழுந்தன, என் சொந்த மச்சானின் கையும் அதில். எதிர்ப்பவர்கள் யார் என்று கேட்டபோது நான் இரண்டு கையையும் தூக்கினேன்.

“அக்கா, ஒரு ஆளுக்கு ஒரு வாக்குத்தான்” என்றார் செயலாளர்.

“மற்றது அண்ணையின்ரை.”

“பிரான்சிலை இருக்கிற ஆக்களுக்குத்தான் அக்கா வாக்கு. ஒரு கையை இறக்குங்கோ.”

வெறுங்கையை இறக்கினேன். கைபேசி பிடித்த கையை இறக்கவில்லை.