‘தெரியாது’ என்று சொன்ன அக்கா

கொரோனா அடங்கி, பல்கலைக்கழகங்களில் மறுபடியும் பட்டமளிப்பு விழாக்கள் நடக்கத் தொடங்கியிருந்த சமயம். எங்கள் மகள் பட்டம் வாங்கும் நாள் அது. நானும் என் வீட்டுக்காரரும் காலையிலேயே எங்கள் ஊர் பண்டார் தெங்காராவிலிருந்து, மகள் தங்கிப் படித்த ஸ்கூடாய்க்குக் காரில் கிளம்பிவிட்டோம். ரோட்டின் இரண்டு பக்கமும் செம்பனை. மரங்களுக்கு நடுவே பனி எழுந்துபோக மனமில்லாமல் படுத்துக் கிடந்தது. அந்தப் பனிக்குள்ளிருந்துதான் கேள்வி வந்தது. அடுப்பை அடைத்தேனா?

எல்லாருக்கும் வருகிற கேள்விதானே என்பீர்கள். எனக்கு அது வந்தால் போகாது. கேஸ் தோம்பை, அதான் சிலிண்டரை, திருகி மூடியது கைக்குத் தெரியும், கண்ணும் பார்த்திருக்கும். ஆனால் பார்த்தது இன்றைக்கா, நேற்றைக்கா, இல்லை கனவிலா என்று மனசு இழுத்துக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் வீடே எரிவது போலத் தெரியும், திரைச்சீலையில் தீ ஏறுவதுகூட. மூவாரில் நடந்த சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு புறப்பட்டு, பாதி வழியில் திரும்பி வந்தவள் நான்.

இதில் எனக்குத் துணை எதிர்வீட்டு அக்கா. மாதா கோயிலுக்குப் போகிறவர், நல்ல வாய்க்காரர். எங்கள் வீட்டுச் சாவி ஒன்று அவரிடம் இருந்தது. நான் போன் செய்ததும் ஓடிப்போய்ப் பார்த்து, “அடைச்சிருக்கு தங்கச்சி” என்பார். சில நாள் அடுப்பைப் படம் பிடித்தும் அனுப்புவார். எதிர்வீட்டுல நான் வேற எதுக்கு இருக்கேன் என்பது அவர் பேச்சு. அந்தப் பதில் கிடைத்ததும் நெஞ்சு குளிர்ந்துவிடும். ஆனால் அடுத்த சிக்னல் வருவதற்குள், அந்தப் படம் இன்றைக்கு எடுத்ததுதானா என்று ஆரம்பிக்கும்.

டாக்டர் இதற்கு எண்ணச் சுழற்சி நோய் என்று பெயர் சொல்லி மாத்திரை கொடுத்தார். மாத்திரை நன்றாகத்தான் வேலை செய்தது. படபடப்பு குறைந்தது, தூக்கம் வந்தது. கேள்வி மட்டும் போகவில்லை. மாத்திரைக்கே அடங்கவில்லை என்றால் நான் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். இன்னும் பலமான மாத்திரை வேண்டும் என்று கேட்டபோது, அளவைக் கூட்டலாம், வேறு மாத்திரையும் இருக்கிறது, ஆனால் இந்த நோய்க்கு மாத்திரையோடு சேர்ந்து செய்கிற பயிற்சி ஒன்றும் இருக்கிறது என்று சொல்லி ஒரு சைக்காலஜிஸ்டிடம் அனுப்பினார்.

அவர் இளம் சீனப் பெண். மலாயில் பேசினார். உங்கள் கேள்விக்குப் பதில் சொல்கிறவர்கள் யார் யாரோ எல்லாரையும் கூட்டி வாருங்கள் என்றார். வீட்டுக்காரர் வந்தார், மகள் வந்தாள். அக்கா கோயிலுக்குக் கட்டுகிற சேலையில் ஒரு டப்பா வடையோடு வந்தார். கொசுக்கடியைச் சொறிவது போலத்தான் இந்தப் பதில், சொறிந்தால் சுகம், பிறகு அரிப்பு கூடும் என்று அந்தப் பெண் விளக்கினார். எனக்குச் சம்மதம் என்றால், இனி யாரும் பதில் சொல்லக் கூடாது, பக்கத்தில் மட்டும் இருக்க வேண்டும். நான் சம்மதித்தேன். அக்காவின் முகம்தான் வாடிப்போனது.

“கேட்டதுக்குப் பதில் சொல்லாம இருக்க எங்கம்மா என்னை வளர்க்கலயே.”

வீட்டுக்காரர் அதை மலாயில் சொல்ல, சைக்காலஜிஸ்ட் சிரித்துவிட்டார். அப்படியானால் ‘தெரியாது’ என்று சொல்லுங்கள், அதுவும் பதில்தானே என்றார்.

பயிற்சி சின்னச் சின்னதாகத்தான் ஆரம்பித்தது. அடுப்பை ஒரு முறை அடைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கேட் வரை போய் நிற்பது. பிறகு கடை வரை. நான் கேட்டில் நின்று தவிக்கும்போது எதிரே அக்கா செம்பருத்திச் செடியைப் பார்த்துக்கொண்டிருப்பார். என் கண்ணைப் பார்த்தால் பதில் சொல்லிவிடுவாராம்.

ஆனால் பட்டமளிப்பு நாள் கடைக்குப் போவது போல இல்லையே. காரில் நான் கேட்டதும் வீட்டுக்காரர், இது அந்தக் கேள்விதான், நான் பதில் சொல்ல மாட்டேன் என்றார். வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். ஓரமாக நிறுத்தினார்.

“திருப்பணும்னா சொல்லு, திருப்புறேன். ஆனா விழாவுக்குப் போய்ச் சேர முடியாது. நீயே முடிவு பண்ணு.”

நான் அக்காவுக்குப் போன் செய்தேன்.

“அக்கா, அடுப்பு...”

“தெரியாது தங்கச்சி.”

“சாவி உங்ககிட்டதானே இருக்கு. ஒரு எட்டு போய்ப் பாருங்களேன்.”

“இருக்கு. போக மாட்டேன்.”

“வீடு எரிஞ்சிருச்சின்னா?”



“எரிஞ்சா எரியட்டும் லா. உன் மக இன்னொரு தடவை படிச்சு பட்டம் வாங்கவா போறா?” சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. “போனை வைக்காத. நானும் வைக்க மாட்டேன். நீ போ.”

போகலாம் என்று வீட்டுக்காரரிடம் கைகாட்டினேன்.

வண்டி மறுபடியும் ஓடத் தொடங்கியது. போனுக்குள் மழை பெய்துகொண்டிருந்தது. அக்கா வீட்டுத் தகரக் கூரையில் விழும் மழை. இங்கே மழை இல்லை, வெறும் பனி. நான் இரண்டு இடத்திலும் இருப்பது போலவும், எந்த இடத்திலும் இல்லாதது போலவும் இருந்தது. மரங்கள் தூக்கத்தில் நடப்பவை போலப் பின்னால் போயின. பயம் ஏறியது, கழுத்துவரை ஏறியது. இதற்கு மேல் தாங்காது என்று நினைத்த இடத்தில் அப்படியே நின்றது. பிறகு யாரும் எதுவும் செய்யாமலே மெதுவாக வடிய ஆரம்பித்தது. பயம் தானாக இறங்கும் என்று சைக்காலஜிஸ்ட் சொல்லியிருந்தார். அதுவரை நான் இருந்து பார்த்ததே இல்லை. அதற்குள் யாராவது ஒருவர் பதில் சொல்லிவிடுவார்.

ஸ்கூடாய் வந்துவிட்டது. எப்போதும் போல நெரிசல், கார்களுக்கு நடுவே மோட்டார் சைக்கிள்கள். போனைக் காதில் வைத்துக் கேட்டேன். அக்கா என்னை மறந்துவிட்டு, மீன் தலையைத் தூக்கிக்கொண்டு ஓடிய பூனையைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் சிரித்தேன். வீட்டுக்காரர் ரோட்டைப் பார்த்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மண்டபத்தில் மகள் மேடை ஏறியபோது அடுப்பு ஞாபகம் வந்தது. வந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று நான் கைதட்டினேன்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது வீடு அதே இடத்தில்தான் இருந்தது. அக்கா குடையோடு ஓடி வந்து மகளைக் கட்டிக்கொண்டார். ஓடிப்போய்ப் பார்த்துவிடக் கூடாதே என்று எங்கள் வீட்டுச் சாவியை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்துவிட்டு, அந்த டின் மேலேயே உட்கார்ந்திருந்தாராம்.

மாத்திரை இன்றைக்கும் சாப்பிடுகிறேன், சைக்காலஜிஸ்டையும் எப்போதாவது போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், கேள்வியும் அவ்வப்போது வரத்தான் செய்கிறது. சந்தேகம் தீர்ந்த பிறகு புறப்படலாம் என்று எத்தனையோ வருஷம் காத்திருந்த எனக்கு, அது தீராமலேயே புறப்பட்டுப் போய்ச் சேர முடியும் என்று அந்தக் காலையில்தான் தெரிந்தது.