வாழைப்பழத்தின் மேல் விழுந்த பழி

1. ஆறு தசம் ஒன்று

மெஷினில் பொட்டாசியம் ஆறு தசம் ஒன்று என்று வந்தால், லேபில் யாரும் ஆறுதலாகத் தேநீர் குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. ஐந்தைத் தாண்டினாலே புருவம் உயரும். ஆறைத் தாண்டினால் இதயமே தாளம் தவறலாம். உடனே டாக்டருக்குப் போன் எடுக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்து நான் எடுத்த முதல் அவசரப் போன் பாக்கியம் அக்காவுக்காகத்தான்.

பண்டாரவளையில் நான் வேலை செய்யும் லேப் சின்னது. முன்னறையில் முதலாளி நசீர் நானா இரத்தம் எடுப்பார். உள்ளறையில் மெஷினும் நானும். நடுவே ஒரு திரை. என் பக்கம் வருவது டியூப் மட்டும்தான், ஆள் வருவதில்லை. லேப் வேலைக்கு வரப்போகும் தம்பி தங்கச்சிகள் அந்தத் திரையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பாக்கியம் அக்கா தெமோதரைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். பித்தப்பையில் கல். எண்ணெய் பட்ட எதைத் தின்றாலும் சுருண்டு படுத்துவிடுவார். எத்தனையோ மாதம் அலைந்து, பதுளையில் ஒபரேஷனுக்கு ஒரு தேதி கிடைத்திருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் ரிப்போர்ட் போனது. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் கையை விரித்துவிட்டார். பொட்டாசியம் இறங்கிய ரிப்போர்ட் வியாழக்கிழமைக்குள் வர வேண்டும், வராவிட்டால் அந்தத் தேதி அடுத்த ஆளுக்கு. வாழைப்பழம், இளநீர் எதையும் தொடக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

2. கூடையில் சோதனை

இரண்டாம் முறை வந்தபோது ஆறு தசம் இரண்டு.

அவருடைய கணவர் ராமையா அண்ணன் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, இரகசியம் போலச் சொன்னார். “இவ யாருக்கும் தெரியாம பழம் திங்கிறா மிஸ். நான் கொழுந்துக் கூடைய வரைக்கும் தேடிப் பாத்துட்டேன்.”

“கூடையில என்ன கெடச்சிச்சு?” வெளியிலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

“கொழுந்து.”

“கொழுந்துக் கூடையில வேற என்ன இருக்கும்? கேளுங்க மிஸ், இந்த மனுசன் எங்க லயத்து வீட்டு வாசல்ல நின்ன மரத்துக் குலையத் தூக்கிட்டுப் போயி பக்கத்து வீட்டுல ஒளிச்சி வச்சிருக்காரு. அவுங்க வீட்டுப் புள்ளைங்க தின்னு முடிச்சிருச்சுங்க. எனக்குப் பழமும் இல்ல, ஒபரேஷனும் இல்ல.”

எனக்கு வந்த சந்தேகமே வேறு. சிறுநீரகம் கெட்டிருந்தால் கிரியாட்டினின் ஏற வேண்டும், அது ஒழுங்காக இருந்தது. எடுத்த இரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்திருந்தால் சீரம் இளஞ்சிவப்பாக இருக்கும். இது தெளிந்த மஞ்சள். அளவு முன்பே தெரிந்த கண்ட்ரோல் திரவத்தைப் போட்டுப் பார்த்தேன், மெஷின் மேலும் குற்றமில்லை. பதுளையில் எடுத்த ஈசிஜியிலோ இதயம் கொஞ்சமும் பதறவில்லை. உடம்பு முழுக்க இவ்வளவு பொட்டாசியம் இருந்தால் முதலில் கத்துவது இதயம்தானே? அப்படியென்றால் ஏற்றம் உடம்பில் இல்லை, டியூபில் மட்டும்தான். அது எங்கிருந்து வந்தது?

3. திரைக்கு அந்தப் பக்கம்

புதன்கிழமை மூன்றாம் முறை. இந்தத் தடவை நான் முன்னறையில் போய் நின்றுகொண்டேன்.

நானா மேற்கையில் ரப்பர் பட்டியைக் கட்டினார். எல்லாரிடமும் சொல்வதையே சொன்னார். “கைய நல்லா மூடித் தொறங்க.”

பஜார் கடைக்காரர்கள் என்றால் கொட்டாவி விட்டபடி இரண்டு தரம் மூடித் திறப்பார்கள். பாக்கியம் அக்காவின் விரல்களோ கொழுந்து பறிக்க மலையில் இறங்கிவிட்டன. மூடித் திறந்து, மூடித் திறந்து, கண்ணால் பிடிக்க முடியாத வேகம். பட்டி கட்டியபடியே நானா நரம்பைத் தடவித் தேட, அக்கா நிறுத்துவதாக இல்லை. பக்கத்து நாற்காலியில் கையை மூடித் திறந்துகொண்டிருந்தவரைவிடத் தான் முந்திவிட்டதைப் பெருமையோடு பார்த்தும் கொண்டார்.

நான் சிரித்துவிட்டேன். நானா முறைத்தார்.

விஷயம் இதுதான். தசைக் கலத்துக்கு, அதாவது செல்லுக்கு, உள்ளே பொட்டாசியம் நிறைய, வெளியே கொஞ்சம். கலத்தைச் சுற்றிய மென்சவ்வில் பொட்டாசியத்துக்கென்றே கால்வாய்கள் உண்டு. சோடியம் அதைவிடச் சிறிய அயன், அதாவது மின்னேற்றமுள்ள அணுதான், ஆனாலும் அந்த வழியில் அதற்கு இடமில்லை. அயன்கள் தண்ணீரைப் போர்த்திக்கொண்டு திரிபவை. கால்வாயின் குறுகிய இடத்துக்குள் நுழைய அந்தப் போர்வையைக் கழற்ற வேண்டும். உள்ளே இருக்கும் ஒட்சிசன் அணுக்கள், போர்வையில்லாத பொட்டாசியத்தைச் சரியாக அணைத்துக்கொள்ளும் தூரத்தில் நிற்கின்றன. சோடியம் அந்த அணைப்புக்கு ரொம்பச் சின்னது, போர்வையைக் கழற்ற அதற்கு மனம் வராது.

வாசலுக்கு ஒரு கதவும் உண்டு. தசை சுருங்கக் கட்டளை வந்தால் முதலில் சோடியம் தன் கால்வாய் வழியாக உள்ளே பாயும், கலத்தின் மின்னழுத்தம் புரளும். பொட்டாசியக் கதவின் ஓரத்தில் நேரேற்றமுள்ள ஒரு பகுதி இருக்கிறது. அழுத்தம் புரண்டதும் அது நகர்ந்து, கொஞ்சம் பிந்தித்தான் கதவைத் திறக்கும். பொட்டாசியம் வெளியே ஓடும், அழுத்தம் பழைய நிலைக்கு வரும், கதவு மூடும். ஓடியதைத் திருப்பிக் கொண்டுவர வேறொரு பம்பு இருக்கிறது. அது நிதானமாக வேலை செய்வது. கொழுந்து பறிக்கும் வேகத்தில் கதவுகள் திறந்து திறந்து மூடினால் பம்பால் ஈடுகொடுக்க முடியாது. பட்டியும் கட்டியிருப்பதால் வெளியே வந்த பொட்டாசியம் அந்தக் கையிலேயே தேங்கி நிற்கும். நாங்கள் ஊசி போட்டது அந்தத் தேக்கத்தில்.

நானா நம்பவில்லை. “இத்தன வருசமா இப்புடித்தானே சொல்றன். யாருக்கும் ஏறல்லயே.”

“நீங்களும் அக்காவும் போட்டி போடுங்க நானா, பாப்பம்” என்றேன்.

ஓய்வில் இருந்த நானாவின் இடது கையில் முதலில் இரத்தம் எடுத்தேன். பிறகு வலது கையில் பட்டி கட்டி, அக்காவோடு போட்டிக்கு விட்டேன். நானாவுக்கு மூச்சு வாங்கியது. அக்கா மறுகையால் சேலையைச் சரிசெய்துகொண்டே ஜெயித்தார். நானாவின் இடது கை நாலு தசம் இரண்டு, வலது கை ஐந்து தசம் ஐந்து. அவர் இரண்டு ரிப்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “நான் காலையில பழம் தின்னல்ல” என்றார்.

4. சும்மா இருக்காத விரல்கள்

இனி அக்காவின் கை சும்மா இருந்தால் போதும். அதுதான் முடியவில்லை. பேசாமல் வைத்திருங்கள் என்றால் தலையாட்டுவார், ஊசியைக் கண்டதும் விரல்கள் தானாகப் பறிக்கத் தொடங்கிவிடும்.

வெளியே ஓடினேன். எதிர்க் கடையில் தொட்டால் குழையும் அளவுக்குக் கனிந்த ஒரு வாழைப்பழம் வாங்கி வந்து, ஊசி போடப்போகும் அக்காவின் கையில் வைத்தேன்.

“இது நசுங்கக் கூடாது அக்கா.”

அன்றும் கூட வந்திருந்த ராமையா அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அக்கா பிறந்த குழந்தையைப் பிடிப்பது போல அதைப் பிடித்திருந்தார். ஊசி ஏறிய உடனே பட்டியைத் தளர்த்தினேன். பழத்தில் ஒரு விரல் தடம்கூட இல்லை.

நாலு தசம் நான்கு.

ரிப்போர்ட்டை நீட்டினேன். அக்கா அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, கணவரின் முகத்தைப் பார்த்தபடி ஆற அமரப் பழத்தை உரித்துத் தின்றார். மறுநாள் ரிப்போர்ட் பதுளைக்குப் போனது, தேதி அவருக்கே நிலைத்தது.

நம்பர் கூடினால் நோயாளியின் வாயைச் சந்தேகிப்பது சுலபம். எழுந்துபோய் அவர் கையைப் பார்ப்பதற்குத்தான் சோம்பலாக இருக்கும். எங்கள் லேபில் இப்போது அந்தத் திரை இல்லை, நானாவும் யாரையும் கையை மூடித் திறக்கச் சொல்வதில்லை.

ஒபரேஷன் புண் ஆறியபின் அக்கா எங்களைப் பார்க்க வந்தார். பின்னால் ராமையா அண்ணன், ஒரு முழு வாழைக் குலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வியர்க்க விறுவிறுக்க மேடேறி வந்தார்.

“பஸ்ஸ விட்டு எறங்குனதுலருந்து அவருதான் தூக்கிட்டு வாராரு மிஸ்” என்றார் அக்கா. “இப்ப அந்தக் கையில எடுங்க ரத்தத்த. யாரு திருட்டுத்தனமாப் பழம் தின்னதுன்னு பாப்பம்.”